சத்தம்தான் போர்டு

தூங்குகிறான். இந்தச் சத்தத்திலும் தூங்குகிறான் என்று நினைத்ததும், 'இந்தச் சத்தத்திலும்' என்பதை எடுத்துவிட்டு, வெறுமே தூங்குகிறான் என்று இன்னொரு தரம் நினைத்துப் பார்க்கிறேன், அப்போதாவது அது மற்றப் பிள்ளைகளின் தூக்கம் மாதிரி ஆகிறதா என்று. ஆகவில்லை. மத்தியானச் சோறு கண்ணை இழுக்கிறது. மேஜையில் முழங்கையை ஊன்றி, டோக்கன் டப்பாவுக்கு மேல் தலை தொங்க, கால் பெருவிரலில் தொட்டில் கயிற்றை மாட்டி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தொட்டில் என்றால் என் பழைய வாயில் சேலை. எங்கள் வீடியோ கேம்ஸ் கடையின் இரும்பு உத்தரத்தில் என் வீட்டுக்காரர் கிளாடியஸ் கொக்கி போட்டுக் கட்டித் தந்தது. அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மரப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு ஓட்டம். மஞ்சள் வாயன் பொட்டுப் பொட்டாகத் தின்றுகொண்டே போகிறான், பின்னால் நாலு பேய். குரங்கு பீப்பாய் உருட்டுகிறது. தவளை ரோட்டைக் கடக்கப் பார்த்து லாரியில் அடிபட்டு நசுங்குகிறது, மறுபடியும் வந்து நிற்கிறது. மூலையில் இருப்பது படை. அப்படித்தான் பையன்கள் பேர் வைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் இறங்கி வரும், டும், டும், டும், டும் என்று, சுடச் சுடக் குறையும், குறையக் குறைய அந்த டும் வேகமாகும், யாருக்கோ நெஞ்சு படபடக்கிற மாதிரி. எல்லாம் சேர்ந்து ஒரு இரைச்சல். கிளாடியஸ் இதைக் குறைக்க விடமாட்டார். "நம்ம கடைக்கு சத்தம்தான் போர்டு, ஜெசி. தியேட்டர்ல டிக்கெட் கிடைக்காதவன் எதைப் பாத்து இங்க வாரான்? சத்தத்தைக் கேட்டுதான் வாரான்." அவர் காலையிலேயே பழுதான பிக்சர் டியூப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார். இருட்டுகிறதற்குள் வந்துவிடுவேன் என்றார். பெட்டிச் சாவிகளை என் கையில் தந்துவிட்டுப் போனார். சாவிக்கொத்து மடியில் கனக்கிறது. அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

"அக்கா, மகன் இன்னுமா தூங்குதான்?" என்று லிங்கத்துரை கேட்கிறான், கண்ணை மஞ்சள் வாயனிடமிருந்து எடுக்காமலே. கல்லூரி மத்தியான வகுப்பை இங்கேதான் நடத்துகிறார்கள், அவனும் அவன் கூட்டாளி செல்சனும். "ஏல, நீ கெமிஸ்ட்ரி கிளாஸ்ல தூங்குறத விடவா?" என்கிறான் செல்சன். "அங்க சத்தம் கிடையாதுல்லா. இங்க தூங்கணும்னா அதுக்கு ஒரு தைரியம் வேணும். பெரிய ஆளா வருவாம்க்கா, பாருங்க." நான் சிரிக்கிறேன். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நல்ல பிள்ளை, தொந்தரவில்லாத பிள்ளை, இடி விழுந்தாலும் எழும்பாத பிள்ளை. மாமி வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் மந்திரித்த உப்பையும் வத்தலையும் எடுத்து அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். "இந்தத் தூக்கத்துக்கு ஊர்க்கண்ணு படும்டி. தூங்குதான் தூங்குதான்னு எல்லார்கிட்டயும் சொல்லாத." உப்பு படபடவென்று வெடிக்கும். நான் உப்பைப் பார்க்கமாட்டேன், அவனைப் பார்ப்பேன். அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான், வெடிப்புக்கு இமை அடிக்கிறதா அடிக்கவில்லையா, நெருப்பும் அதே நேரத்தில்தானே தெறிக்கிறது, எப்படித் தெரியும். எதைக் கண்டு நான் பயப்படுகிறேனோ அதற்குக் கண் பட்டுவிடாமல் இருக்க இந்த வீட்டில் உப்பு சுற்றுகிறார்கள். ஊசி போடக் கொண்டுபோன அன்றைக்கு டாக்டர் கேட்டார், சத்தம் கேட்டால் திரும்புகிறானா என்று. நான் வாயைத் திறக்குமுன் கிளாடியஸ் முந்திக்கொண்டார். "சத்தமா? நம்ம வீடியோ கேம்ஸ் கடையிலதான் டாக்டர் வளருதான். அத்தனை மிஷினும் ஓடும், அய்யா அசையமாட்டார்." டாக்டர் சிரித்தார், எழுதிக்கொண்டார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். கேட்டதற்கு அது பதிலில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது, வெளியே வந்து செருப்பைத் தேடும்போது. திரும்பிப் போயிருக்கலாம். கிளாடியஸ் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, பெருமையாக, முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். அந்த நடையைப் பின்னாலிருந்து பார்த்தவள் எப்படிக் கூப்பிடுவாள்.

தட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அடுக்களையில் எவர்சில்வர் தட்டு கை தவறி விழுகிற மாதிரி, என்னையே ஏமாற்றிக்கொண்டு. அவன் திரும்பினான். மாதாவே என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றிற்று, அவன் உட்கார்ந்திருந்த தரையில்தானே தட்டு விழுந்தது, தரை அதிர்ந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் கை தட்டினேன், திரும்பினான், ஆனால் கைக்காற்று பிடரியில் பட்டிருக்கும். துறைமுகத்துச் சங்கு ஊதும்போது மடியில் வைத்துப் பார்த்தேன். சங்குக்கு நான்தான் திடுக்கிட்டேன், என் திடுக்கிடலுக்கு அவன் திடுக்கிட்டான். கான்வென்டில் பிசிக்ஸ் எடுத்த சிஸ்டர் ஒடிலியா மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் நீ கண்டுபிடித்தது எதையென்று உனக்கே தெரியாது. அவர்களுக்கென்ன, அவர்களுடைய ஊசல்குண்டு நூலில் தொங்கும், சிரிக்காது, பசிக்காது. அங்கே வருஷத்துக்கொரு தடவை தியான நாட்கள் வரும், யாரும் யாரோடும் பேசக்கூடாது, வராந்தா முழுக்க அமைதி. நாங்கள் விரலால் பேசினோம். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர், தலையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டால் சிஸ்டர் வருகிறார்கள். மூன்றாம் நாள் முடிவதற்குள் எங்கள் கைக்குச் சண்டை போடக்கூடத் தெரிந்துவிட்டிருந்தது. இதை எதற்கு நினைக்கிறேன். தூக்கம் வரும்போது மனசு எதையாவது பிடித்துக்கொண்டு மிதக்கிறது. காய்ச்சலை நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்று சொன்னதே நினைத்ததுதான். இவன் வயிற்றிலிருந்த மூன்றாம் மாசம், எனக்கு உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிப்பொரியாக வந்து, காதுக்குப் பின்னால் நெறி கட்டி, நாலு நாளில் தானாகப் போய்விட்டது. வெக்கை என்றார் மாமி. வெக்கைதான் என்று நானும் இருந்தேன், ஒரு பத்திரிகையில் கர்ப்பிணிகளுக்கு என்று போட்டிருந்த பக்கத்தைப் பாதி படிக்கிற வரைக்கும். பிள்ளையின் காது என்று வந்த இடத்தோடு நிறுத்தினேன், மீதிப் பாதியைப் படிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பச்சை மிளகாயைப் பொதிந்து வைத்தேன்.

"செத்துட்டான்!" என்று செல்சன் கத்துகிறான். மஞ்சள் வாயன் மேலிருந்து கீழாக விரிந்து விரிந்து, ஒன்றுமில்லாமல் போகிறான். "ஒனக்கு வளைவுல திரும்பத் தெரியல, ஒன்னைய நம்பி ஒரு உசிரை விட்டேன் பாரு." "இன்னும் ரெண்டு உசிரு இருக்குல, விடு." உசிரை எண்ணிக்கொண்டு விளையாடுகிறார்கள். வந்த புதிதில் நான் கிளாடியஸிடம் கேட்டேன், இதில் கடைசியில் என்ன, ஜெயித்தால் என்ன ஆகும் என்று. அவர் என்னைப் பார்த்தது, கான்வென்ட் படிப்பு இவ்வளவுதானா என்று கேட்கிற பார்வை. "ஜெயிக்கிறதா? எல்லாப் பொட்டையும் தின்னா மறுபடி எல்லாப் பொட்டும் வரும். கொஞ்சம் வேகமா வரும், அவ்வளவுதான்." அது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. துணி துவைத்துக் காயப்போட்டால் மறுபடியும் துணி. பாலாற்றிக் கொடுத்தால் மறுபடியும் பால். ஒரு சந்தேகத்தைத் தின்று முடித்தால் திரும்பின வளைவில் வரிசையாக மறுபடியும், கொஞ்சம் வேகமாக. ஆள் இல்லாதபோது இந்தப் பெட்டிகள் தானாகவே ஆடிக்காட்டும், யாரும் தொடாமல் தவளை தானே குதிக்கும், தானே சாகும். பெருக்குகிற நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு துடைப்பத்தோடு நின்றிருக்கிறேன். அதன் கால் வலிக்காது, எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் படை இருக்கிறது. எவ்வளவு அலுத்தாலும் கடைசியில் நான் படையைப் பிடித்துக்கொள்வேன். இன்னாசி விழித்திருக்கும்போது இடுப்பில் வைத்துக்கொண்டு படைக்குப் பக்கத்தில் போய் நின்றால், அவன் கையை நீட்டி மரப்பெட்டியின் பக்கவாட்டில் பதித்துக்கொள்வான். டும் டும் வேகமாக வேகமாக அவனுக்குச் சிரிப்பு ஏறும், உடம்பே குலுங்கும். கேட்காமலா சிரிக்கிறான். கேட்காத பிள்ளை சரியாக அந்த வேகத்துக்கு எப்படிச் சிரிக்கும். பெத்தவளே பிள்ளைக்கு நோய் தேடுகிறாள் என்று மாமி சொன்னாலும் சொல்வார்கள். கேட்கிறது. கேட்கிறதுதான். அப்படி முடிவு கட்டின ராத்திரிகளில் கொஞ்சம் தூங்குவேன். பிறகு அந்தக் கை நினைவுக்கு வரும். எதற்கு எப்போதும் கையை மரத்தில் வைக்கிறான்.

கரண்ட் போய்விட்டது. எல்லாம் ஒரே நேரத்தில், தொண்டையைப் பிடித்த மாதிரி. கண்ணாடிகளில் ஒரு புள்ளி சுருங்கிச் சுருங்கி அணைகிறது. ஃபேன் நாலு சுற்று சுற்றி நிற்கிறது. "அய்யோ, இப்பத்தானக்கா பேயைத் தின்னேன்!" லிங்கத்துரை மண்டையில் அடித்துக்கொள்கிறான். ஆட்டத்தின் நடுவே போனால் டோக்கன் திருப்பித் தர வேண்டும், அது கடை வழக்கம், தருகிறேன். "டீ குடிச்சிட்டு வாறோம்க்கா. கரண்ட் வந்தா எங்க மிஷினை யாருக்கும் குடுத்துராதீங்க." போகிறார்கள். கடையில் நானும் அவனும். எவ்வளவு பெரிய அமைதி. இந்த வீட்டில் அமைதியே கிடையாது, கீழே கடை, மாடியில் வீடு, எதிரே தியேட்டர், அந்தப் பக்கம் உப்பு லாரி. கரண்ட் போகும்போது மட்டும்தான் இப்படி ஒரு ஓட்டை விழும், அந்த ஓட்டையில் ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது வேலையை எடுத்து அடைத்துவிடுவேன், மெழுகுவத்தி தேடுவேன், விசிறி எடுப்பேன். தொட்டில் அசைகிறது. வேர்த்திருக்கும். கரண்ட் போனால் அவன் விழித்துவிடுவான், பாத்தியா, சத்தம் நின்னதும் முழிச்சிட்டான் என்று கிளாடியஸ் சந்தோஷப்படுவார், ஃபேனும்தானே நிற்கிறது என்று நான் சொன்னதில்லை. சேலை விளிம்பைப் பிடித்து இழுத்துக் கவிழ்ந்துகொண்டு தலையை வெளியே நீட்டுகிறான். முதுகு எனக்கு. முகம் மஞ்சள் வாயனின் இருண்ட கண்ணாடிக்கு நேரே. நான் எழுந்திருக்கிறேன். கண்ணாடியில் ஒரு பொம்பளை எழுந்திருக்கிறாள். அவனுக்குத் தெரிந்துவிடும். குரங்குப் பெட்டியின் மறைவுக்குப் போகிறேன், இப்போது கண்ணாடியில் நான் இல்லை. வாசல் வெளிச்சம் என் பின்னால் வருகிறது, நிழல் தொட்டில் வரை போகிறது. இன்னும் ஒதுங்குகிறேன். காற்றில்லை. சாவிக்கொத்தை மடியிலிருந்து எடுத்து, கொலுசையும் அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டேன், கேட்டால் கேட்கட்டுமே, அதை ஏன் அவிழ்த்தேன், என் குரல் ஒன்று மட்டும். ஒன்றை மட்டும் மாற்று. இன்னாசி. மெதுவாகத்தான் சொன்னேன். அவன் கண்ணாடியில் விரலால் கோடு இழுக்கிறான். இன்னாசி, ராசா. இழுக்கிறான். இக்னேஷியஸ், என்று ஞானஸ்நானப் பேரை, வகுப்பில் பேர் வாசிக்கிற மாதிரி. பிறகு பேரில்லாமல், வெறும் வாயால், அடிவயிற்றிலிருந்து, நான் இதுவரை யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தெருவில் சைக்கிள்காரர் ஒருவர் பிரேக் போட்டுக் காலை ஊன்றித் திரும்புகிறார். படியில் படுத்திருந்த நாய் எழுந்து நிற்கிறது. தியேட்டர் வாசலில் கடலை வறுக்கிறவர் திரும்பிப் பார்க்கிறார். தெருவே திரும்பிவிட்டது. "என்னம்மா, என்ன ஆச்சு?" ஒன்றுமில்லை அண்ணாச்சி, பல்லி. சைக்கிள் போகிறது. அவன் கோட்டை இழுத்து முடித்துவிட்டு, தற்செயலாகத் தலையைத் திருப்புகிறான், என்னைப் பார்க்கிறான், முகம் மலர்கிறது. நீ எப்போ வந்தே என்று கேட்கிற சிரிப்பு.

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அழ வேண்டும் என்று தோன்றவில்லை, உட்கார வேண்டும் என்றுதான் தோன்றுகிறது, எவ்வளவு நாளாக நின்றுகொண்டிருக்கிறேன். உட்காருமுன் கரண்ட் வந்துவிட்டது. கண்ணாடிகளில் முதலில் குப்பை எழுத்துக்கள், பிறகு எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக வாய் திறந்து அலறுகின்றன. நான் தோளைக் குறுக்குகிறேன். அவன் வெளிச்சத்தைப் பார்த்துக் கையை உதறிக் குதிக்கிறான். மேஜையில் கொலுசு, அதன் பக்கத்தில் சாவிக்கொத்து. டோக்கன் விழுகிற கதவைத் திறந்தால் உள்ளே, வலது பக்கம், ஒரு சின்னத் திருகு இருக்கும், சத்தத்துக்கு. கிளாடியஸ் கையை விட்டு அதைத் தடவித் தடவிக் கூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் வாயனைத் திறந்து திருகைக் கடைசி வரைக்கும் குறைத்தேன். பிறகு குரங்கு. பிறகு தவளை. ஒவ்வொன்றாக வாய் மூடுகின்றன, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. மஞ்சள் வாயன் சத்தமில்லாமல் தின்கிறான். தவளை சத்தமில்லாமல் நசுங்குகிறது. இவ்வளவு வெளிச்சமாகவும் இவ்வளவு தூரமாகவும் எதையும் நான் பார்த்ததில்லை. இப்படித்தான் நான் இவனுக்கு. வாயை வாயை அசைத்துக்கொண்டு. மிஞ்சினது படை. அதற்குப் பக்கத்தில் போனதும் அவன் வழக்கம்போலக் கையை நீட்டி மரத்தில் பதித்தான், சிரிப்பு ஏறுகிறது. கதவைத் திறந்து குறைக்கிறேன். டும் நின்றது. பூச்சிகள் அப்படியே இறங்குகின்றன, வெளிச்சம் அப்படியே. அவன் மரத்தைத் தட்டினான். காத்திருந்தான். மறுபடி தட்டினான். உதடு பிதுங்கி, முகம் மடிந்து, ஓவென்று அழுகிறான். திருகைக் கூட்டினேன், அழுகை நின்றது. கூட்டினபடியே விட்டு, அவன் கையை மட்டும் பிடித்து மரத்திலிருந்து எடுத்தேன். டும் டும் என்று கடை முழுக்க அடிக்கிறது, அவன் ஒன்றுமில்லாத ஒரு கையைப் பார்த்துக்கொண்டு அழுகிறான். திரும்ப வைத்தேன். சிரித்தான். அவ்வளவுதான் சிஸ்டர். ஒன்றை மட்டும்தான் மாற்றினேன்.

"என்னக்கா, எல்லாம் ஊமையாப் போயிட்டு?" லிங்கத்துரை வாசலிலேயே நின்றுவிட்டான். "சும்மாதான். விளையாடுங்க, தம்பி." விளையாடுகிறார்கள். உடனே சாகிறார்கள். "பேய் எங்கிட்டு வருதுன்னே தெரியலல. சத்தம் இல்லாம எப்படி ஆடுறது?" "கண்ணால பாத்து ஆடு, மூதி. கண்ணு இருக்குல்லா." அவன் கண்ணால் பார்த்து ஆடுகிறான். கொஞ்சம் தள்ளிப் போய்ச் சாகிறான். வாசலில் வெயில் மஞ்சளாகி, மாதா கோயில் மணி அடிக்கிறது, நான் இன்னாசியோடு படைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் கையும் முதுகும் மரத்தில். கட்டைவிரலை என் உதட்டில் வைத்துக் காட்டுகிறேன். பார்க்கிறான். தண்ணீர்க் குவளையைக் காட்டி மறுபடி வைக்கிறேன். விரலைப் பிடித்துக் கடிக்கிறான். அந்த நேரத்தில்தான் கிளாடியஸ் வந்தார். "என்னட்டி, முக்குல இருந்தே பாக்கேன், சத்தத்தக் காணும். கரண்ட் இல்லன்னுல்லா நெனச்சேன்." டியூப்பைக் கீழே வைத்தார். ஓடுகிற கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "யாரு குறைச்சா? இது ஒண்ணு மட்டும் எதுக்கு கத்துது?" அவன் அப்பாவைப் பார்த்துத் துள்ளுகிறான். நான் எழுந்து அவனை அவர் கையில் கொடுத்தேன். அவருடைய மற்றக் கையைப் பிடித்து மரத்தில், அவன் நீட்டி வைத்த கைக்குப் பக்கத்தில், பதித்தேன். "என்ன வெளாட்டு, ஜெசி? பயலுவ பாக்காணுவ." "கையை எடுக்காதீங்க" என்றேன். பின்னால் போய் நின்று, என் இரண்டு உள்ளங்கையாலும் அவருடைய இரண்டு காதையும், எவ்வளவு இறுக்கமாக முடியுமோ அவ்வளவு இறுக்கமாகப் பொத்தினேன். என் கைகளுக்குள் அவருடைய தாடை அசைகிறது, எதையோ கேட்கிறார், மறுபடியும் கேட்கிறார். படை இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் கையும் அவன் கையும் மரத்தில். அவன் சிரிக்கிறான், வேகம் கூடக் கூட இன்னும் சிரிக்கிறான். தாடை அசைவது மெல்ல மெல்ல நின்றது.